யாளிமுக வங்கி

786
காத்தான்குடி
1936 மார்ச் 12

என் தம்பி ஆதம்பாவாவுக்கு ராத்தா ஸைனம்பு சொல்லி எழுதுவிப்பது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன்ட மகளும் அல்லாஹ்ட கிருபையால் நல்ல சுகம். பதுளைக் குளிருக்கு உன்ட முழங்கால் எப்படிக் கிடக்கு? வேப்பெண்ணெய் பூசச் சொன்னன். நீ பூசியிருக்க மாட்டாய்.

நிற்க. கைறுன்னிஸாவுக்கு ஏறாவூரில இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. மாப்பிள்ளை பேர் பாறூக். பள்ளிக்கூட வாத்தியார். தகப்பன் மவுத்து, அதனால பேசுறதெல்லாம் தாய்மாமன் அப்துல் கபூர் காக்கா. போன வெள்ளிக்கிழமை மூண்டு பொம்பிளைகளோட வந்து வீடு, கிணறு, தென்னை எல்லாம் பார்த்தாங்க. ஒரு குறையும் சொல்லல்ல. நகையைக் கேட்டாங்க. மவுத்தான உன்ட பொஞ்சாதி நபீஸாட வங்கிச் சோடியை எடுத்துக் காட்டினன். அதுதான், மேற்கையில போடுறது, ஒவ்வொண்டிலயும் ரெண்டு யாளி முகம் எதிரும் புதிருமாப் பார்த்துக்கொண்டு நிற்குமே, அது. பொம்பிளைகள் கைக்குக் கை மாத்திப் பார்த்தாங்க. பாயில இருந்த கபூர் காக்காவும் வாங்கிப் பார்த்தார். பார்த்துப்போட்டு, இது மிருக உருவம், இதைப் போட்டுக்கொண்டு பொண்ணு நிக்காஹுக்கு இருக்கப்படாது, தலை நாலையும் வெட்டிப்போட்டு மிச்சத்தைப் போடட்டும் எண்டார்.

எனக்கு அதில பெரிய பிழை தெரியல்ல. தலை போனாலும் வங்கி வங்கிதானே. றஜபு மாசத்தில நிக்காஹை வைக்கலாம் எண்டு சொல்லுறாங்க. உன்ட சம்மதத்தை எழுது.

எனக்கு ஓதத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. வழமை மாதிரி நான் சொல்ல உன்ட மகள் எழுதுறாள். நீ எழுதினா அவள்தான் வாசிச்சும் காட்டுவாள்.

உனக்காகத் துஆச் செய்யும்,
ஸைனம்பு


786
பதுளை
1936 மார்ச் 20

அன்புள்ள ராத்தாவுக்கு தம்பி ஆதம்பாவாவின் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் சுகம், அதாவது நான் நடக்காத நேரத்தில் சுகம். வேப்பெண்ணெய் பூசினேன். கடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனதால் நிறுத்திவிட்டேன்.

சம்பந்தம் வந்தது சந்தோசம். வாத்தியார் மருமகன் என்றால் எனக்குக் கொஞ்சம் பயமும்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்த வகுப்பை இரண்டு தரம் படித்தேன் என்பதால் ஆறு வருடப் படிப்பு என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

வங்கி விஷயம். அது என்ன மிருகம் என்று எங்கள் வீட்டில் முடிவானதே இல்லை. நபீஸா சிங்கம் என்பாள். கலியாணத்துக்கு மறுநாள் நான் அதைப் பார்த்து ஆட்டுக்கடா போல இருக்கு என்று சொல்லி, மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆரையம்பதித் தட்டார் கனகசிங்கம் சொல்வது யாளி. சிங்கப் பல், யானைத் தும்பிக்கை, அப்படி ஒன்று உலகத்தில் எங்கேயும் இல்லையாம். இல்லாத மிருகத்துக்கு உருவம் எங்கிருந்து வந்தது என்று கபூர் காக்காவிடம் கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் மார்க்க விஷயத்தில் என் வாய் நீளக்கூடாது. பள்ளிவாசல் லெவ்வையிடம் கேளுங்கோ. அவர் கூடாது என்றால் கூடாது, அதற்கு மேல் பேச்சில்லை.

பிள்ளை என்ன சொல்கிறாள்? வங்கி அவளுடையது. அவள் உம்மாவுக்கு அவளின் உம்மா கொடுத்தது. வீடும் அவளுடையது, கிணறும் அவளுடையது. அங்கே எனக்குச் சொந்தமாக ஒரு சோடிச் செருப்பு இருந்தது, அதையும் இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி ஆதம்பாவா


786
காத்தான்குடி
1936 ஏப்ரல் 4

தம்பி ஆதம்பாவாவுக்கு ராத்தாட ஸலாம். இங்க எல்லாரும் சுகம். உன்ட சுகத்தைக் கேட்டு அடுத்த கடிதம் வரும்வரைக்கும் எனக்கு யோசினைதான்.

லெவ்வையிட்ட ஆள் விட்டுக் கேட்டன். சின்ன உருவம், உடுப்புக்குள்ள மறைஞ்சு கிடக்கிறது, இதில ஆலிம்கள் ரெண்டு விதமாச் சொல்லியிருக்காங்க, மனசில சந்தேகம் இருந்தா தலையை எடுத்துப்போடுங்க, இல்லாட்டி யாரையும் குற்றம் பிடிக்க ஏலாது எண்டார். நல்ல மனுசன், கோழி சமைச்சனுப்பினன்.

வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்டு கிடாய். தென்னைக்கு வண்டு விழுந்திருக்கு. கைறுன்னிஸா தறியில ஒரு சாரம் முடிச்சிட்டாள், கரை நல்லா வந்திருக்கு. மற்றது, வெட்டுற தலை நாலையும் உருக்கி மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் அடிக்கச் சொல்லி கபூர் காக்கா சொல்லிவிட்டிருக்கார். வீணாப் போகப்படாதாம். கிணத்துக்குப் புதுக் கயிறு வாங்கினன்.

பிள்ளை என்ன சொல்லுறாள் எண்டு கேட்டாய். குமர்ப்பிள்ளை என்னத்தைச் சொல்லும். கீழ பார்த்துக்கொண்டு எழுதுறாள்.

ஸைனம்பு


786
பதுளை
1936 ஏப்ரல் 10

அன்புள்ள ராத்தாவுக்கு ஸலாம். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமில்லை. முழங்கால் இல்லை, தலை கொதிக்கிறது.

ஆட்டுக்குட்டிக்கும் கிணற்றுக் கயிற்றுக்கும் நடுவில் ஒரு மோதிரத்தை ஒளித்து வைத்தீர்கள். நான் சரக்கு மூட்டைக்குள் கல்லைத் தேடிப் பழகினவன் ராத்தா, எனக்கு அது தட்டுப்படாமல் போகாது.

முதற் கடிதம் வந்தபோது, மார்க்கத்துக்குப் பயந்த மனுசன், சொல்கிறார், கேட்போம் என்று இருந்தேன். இப்போது கேட்கிறேன். அந்த முகம் என் மகளின் கையில் இருந்தால் ஆகாது. அதையே உருக்கி அவரின் மருமகனின் விரலில் போட்டால் ஆகுமோ? ஆம்பிளைக்குப் பொன் ஆகாது என்பது ஐந்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்த எனக்கே தெரியும். வாத்தியாருக்குத் தெரியாதா? வாத்தியாரின் மாமாவுக்குத் தெரியாதா? ஒரு வீட்டுக்குள் வந்து, பாயில் இருந்து, தேத்தண்ணி குடித்து, தாயில்லாப் பிள்ளையின் நகையைக் கையில் வாங்கி எடை பார்த்து, அதற்கு அல்லாஹ்வின் பேரைச் சாட்டுச் சொல்லுகிற துணிவு எனக்கு வராது. எனக்கு எடைக்கல்லில் விரல் வைக்கிறதுக்கே கை நடுங்கும், அதனால்தான் கடை இந்தச் சீரில் கிடக்கிறது.

வெட்டவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம். இதை அவரிடம் சொல்லிவிடுங்கோ. நல்ல மாதிரியே சொல்லுங்கோ, எனக்காக ஏச வேண்டாம்.

பிள்ளை கீழே பார்த்துக்கொண்டுதான் எழுதுவாள். காகிதம் கீழேதானே இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாள்?

ஆதம்பாவா


786
காத்தான்குடி
1936 மே 9

தம்பி ஆதம்பாவாவுக்கு ராத்தாட ஸலாம். நாங்க சுகமாத்தான் இருக்கம். நீ கோபப்பட்டு எழுதின கடிதம் வந்து ஒரு மாசமாகுது. பதில் எழுதுறதுக்கு எனக்கு மனசு வரல்ல.

கபூர் காக்காவுக்கு நல்ல மாதிரித்தான் சொன்னன். சரி, மோதிரம் வேணாம், மாப்பிள்ளைட தாய்க்குக் காதுக்கு அல்லுக்குத்து அடிச்சுக் குடுங்க, பொம்பிளைக்குப் பொன் ஆகும்தானே எண்டார். ஆரையம்பதிக்கும் போய்க் கேட்டன். கனகசிங்கத் தட்டார் வங்கியை மடியில வைச்சுப் பார்த்துப்போட்டு, உம்மா, அந்தத் தலைக்குள்ளதான் திருகாணி ஓடுது, தலையை எடுத்தா பூட்டு இல்லை, பிறகு கம்பியை வளைச்சுக் கையில செருகின மாதிரித்தான் எண்டார். வெட்ட ஏலாதா எண்டு கேட்டன். வெட்ட ஏலும், வெட்டினது நான் எண்டு வெளியில சொல்லாதீங்க எண்டார்.

நீ அங்க இருந்துகொண்டு பகிடியா எழுதுறாய். இங்க தெருவால போற வாறவங்களுக்கு முகம் குடுக்கிறது நான். உன்ட மகளுக்கு இருபத்தொரு வயசு. அவளோட ஓதின பிள்ளைகள் ரெண்டு பெத்திட்டாங்க. என்ட வீட்டை என்ட மகளுக்குச் சீதனமாக் குடுத்துப்போட்டு, உன்ட பிள்ளைக்குத் துணையா இங்க வந்து கிடக்கன். நான் மவுத்தானா இவளுக்கு யார்? நாலு பொன் தலையா? ஒரு தகப்பன் அதை யோசிக்கிறதில்லையா?

இனி நீ எழுதுறதுதான் முடிவு. நான் உன்ட சொல்லை அப்படியே கொண்டுபோய் அவருக்குச் சொல்லுவன்.

ஸைனம்பு

வாப்பா, மாமி இந்த இடத்தில் அழுதா. அதை எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதினேன். கைறுன்னிஸா.


786
பதுளை
1936 ஜூன் 20

அன்புள்ள ராத்தாவுக்கு ஆதம்பாவாவின் ஸலாம். எல்லாருடைய சுகத்துக்கும் துஆ.

ஆறு கிழமை பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கோ. மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்து வாடிக்கைக்காரருக்குச் சீனி சுற்றிக் கொடுத்தேன். பதுளையில் மூன்று வீட்டுக்காரருக்கு என் குடும்ப விஷயம் துண்டு துண்டாகத் தெரியும்.

நீங்கள் சொன்னது சரி. நான் இங்கே இருந்துகொண்டு வீரம் பேசுகிறேன். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? ஆதம்பாவா நாலு தலைக்காக மகளை வீட்டோடு வைத்திருக்கிறான் என்று சொல்லும். அந்தச் சொல்லைத் தாங்குகிற நெஞ்சு எனக்கு இல்லை. இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஆகையால் சம்மதம். கனகசிங்கத்திடம் கொடுத்து நாலு தலையையும் எடுக்கச் சொல்லுங்கோ. அவர் மறுத்தால் வேறு ஆளிடம் கொடுங்கோ. அல்லுக்குத்தோ மோதிரமோ, அவர்கள் விரும்பினபடி செய்யட்டும். றஜபு மாதத்துக்கு நான் வந்து சேருவேன்.

பிள்ளை மனவருத்தப்பட்டால், எல்லாம் அவளின் நன்மைக்குத்தான் என்று சொல்லுங்கோ.

ஆதம்பாவா


786
காத்தான்குடி
1936 ஜூலை 11

தம்பி ஆதம்பாவாவுக்கு ராத்தாட ஸலாம். சுகம்தான். கச்சான் காத்து அடிக்குது, கண்ணெல்லாம் மண்.

உன்ட கடிதத்தைப் பிள்ளை வாசிச்சுக் காட்டினாப் பிறகு எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல்ல. இப்படியும் எழுதுவாய் எண்டு நான் நினைக்கல்ல. ஆனா சொல்லுறன் எண்டு சொன்னன், சொல்லத்தானே வேணும். கபூர் காக்கா வந்த நேரம் நீ எழுதினதை ஒரு சொல்லும் விடாமச் சொன்னன். 'அந்தப் பொன்னில ஒரு குண்டுமணியும் எங்கட வாசல் தாண்டாது' எண்டு சொன்னன். 'எடை பார்க்க வந்தவங்க பெண் பார்க்க வந்ததாச் சொல்லப்படாது' எண்டதையும் சொன்னன். மனுசன் வார்த்த தேத்தண்ணியைக் குடியாம எழும்பிட்டார். அடுத்த நாள் சம்பந்தம் வேணாம் எண்டு சொல்லிவிட்டிருக்காங்க.

அல்லாஹ் மன்னிக்கணும், அவர்ட முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோசமாவும் இருந்திச்சு. பிறகுதான் அழுதன்.

ஒரு காரியம். ஆதம்பாவா இப்படி எழுதுற ஆள் இல்லை, பொம்பிளைகள் சேர்ந்து கதை கட்டுறாங்க எண்டு ஏறாவூரில சொல்லித் திரியிறாராம். அடுத்த மாசம் இந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வருவாராம். வந்தா கடிதத்தைக் கண்ணால பார்க்கணுமாம். பார்க்கட்டும். உன்ட கடிதமெல்லாம் தகரப்பெட்டியில பத்திரமா வைச்சிருக்கன்.

ஸைனம்பு


(அதே உறையில்)

786
காத்தான்குடி
1936 ஜூலை 11

அன்புள்ள வாப்பாவுக்கு மகள் கைறுன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மேலே உள்ளது மாமி சொன்னது, சொன்னபடி எழுதினேன். இது நான் சொல்வது.

உங்கள் ஜூன் கடிதத்தை மாமிக்கு வாசிக்கும்போது, சம்மதம் என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு அதற்கு மேல் கண் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. சம்மதமில்லை என்று வாசித்தேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் என்னுடைய சொல். குண்டுமணி என்னுடையது, எடை என்னுடையது. மாமி ஒவ்வொரு வசனத்துக்கும் யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு கேட்டா. நான் நிறுத்தவில்லை.

செய்தது பிழை. அதற்குத் தௌபாச் செய்கிறேன். ஆனால் வாப்பா, எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்தையும் எழுதத்தான் வேண்டும். பிள்ளை என்ன சொல்கிறாள், பிள்ளை என்ன சொல்கிறாள் என்று மாமியிடம் கேட்டு எழுதினீர்கள். பேனை என் கையில்தான் இருந்தது. கைறுன்னிஸா, நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த உறையிலேயே பதில் போட்டிருப்பேன். கடைசியில், மனவருத்தப்பட்டால் சொல்லுங்கோ என்று எழுதினீர்கள். அதையும் நான்தான் வாசித்தேன்.

அல்லாஹ்வுக்காக வெட்டு என்று லெவ்வை சொல்லியிருந்தால் நானே அரத்தை வாங்கி அராவியிருப்பேன். உம்மாவின் நகை என்றுகூடப் பார்க்க மாட்டேன். அல்லுக்குத்துக்காக வெட்ட மாட்டேன். முதலில் மோதிரம், பிறகு தோடு. இன்றைக்குத் தலையைக் கொடுத்தால், பூட்டு இல்லாத வங்கி எதற்கு, அதையும் உருக்கு என்பார்கள். அதற்குப் பிறகு கிணறு. அந்த வாத்தியாரைப் பார்த்தேன் வாப்பா. மாமாவுக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவால் போனார். நாலு மாதம் இந்தப் பேச்சு நடந்தது. அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அப்படி ஓர் ஆளுக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட எனக்கு ஏலாது. வயது இருபத்தொன்று என்பது எனக்குத் தெரியும். மாமி சொல்லச் சொல்ல அதை எழுதினதும் நான்தான்.

உங்கள் கடிதம் தகரப்பெட்டியில் கிடக்கிறது. கபூர் மாமாவுக்கு எழுத்துத் தெரியும். எடுத்துக் கிழித்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். உங்கள் எழுத்தைக் கண்டதும் மூடிவிட்டேன். இனி என்ன செய்வது என்று எழுதுங்கோ. ஏசுவதாக இருந்தால் என் பேருக்கே எழுதி ஏசுங்கோ.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

உங்கள் மகள்,
கைறுன்னிஸா


786
பதுளை
1936 ஜூலை 19

அன்பு மகள் கைறுன்னிஸாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. வ அலைக்குமுஸ்ஸலாம். உன் சுகத்தை உன்னிடமே கேட்டு எழுதுகிறேன். சுகமா மகள்?

ராத்தாவின் கடிதத்தைத்தான் முதலில் வாசித்தேன். ஏதோ ஒரு வீரன் எழுதின கடிதத்துக்கு எனக்குப் பதில் வந்திருக்கிறது. உறையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தேன். ஆதம்பாவா என்றுதான் இருந்தது. கடையில் இருக்கிற கண்ணாடியிலும் போய்ப் பார்த்தேன். வீரனைக் காணவில்லை. பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

வாசிக்கத் தந்ததை மாற்றி வாசிப்பது பிழை. இது தகப்பன் எழுதவேண்டிய வரி, எழுதிவிட்டேன்.

இனி என் வரி. உன் கோபத்தில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. எனக்கு அந்தக் கபூர் மேல் வந்த ஆத்திரம் இந்த மலையை விடப் பெரிது என்று நினைத்திருந்தேன். ஊரின் வாய்க்குப் பயந்து ஆறு கிழமையில் அது ஆறிப்போனது. உன் ஆத்திரம் ஆறவில்லை. பேனை உன் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை மகள். நேரே கேட்டால் நேரே பதில் வருமே என்றுதான் ராத்தாவைக் கேட்டேன். இப்படி ஒரு தகப்பன்.

இந்த உறைக்குள் இன்னொரு காகிதம் இருக்கிறது. ஜூன் இருபது என்று தேதி போட்டிருக்கிறேன். நீ வாசித்ததை, ராத்தாவின் கடிதத்தில் இருந்து பொறுக்கி, என் கையால் எழுதியிருக்கிறேன். பழையதை அடுப்பில் வை. என் எழுத்தென்று பார்க்காதே, அந்த எழுத்துக்கு அந்த மரியாதை போதும். இதைப் பெட்டியில் வை. இதுவும் பிழைதான். உன் பிழையை நீ தனியே சுமக்கக்கூடாது என்பதற்காகச் செய்கிறேன். கபூர் காக்கா வந்து கேட்டால் ராத்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கட்டும். அதற்கும் மேல் கேட்பாராக இருந்தால், நான் பெருநாள் வரையும் காத்திருக்காமல் வருகிறேன். இந்தக் காலோடு வருகிறேன். அவரின் முகத்துக்கு நேரே நின்று நானே வாசிப்பேன். வாய் குழறினால் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடு.

உன் வாப்பா


786
பதுளை
1936 ஜூன் 20

அன்புள்ள ராத்தாவுக்கு ஆதம்பாவாவின் ஸலாம். எல்லாருடைய சுகத்துக்கும் துஆ. நான் மிகவும் சுகம்.

நீங்கள் கேட்டது என் முடிவை. சம்மதமில்லை.

இந்தக் கடிதத்தில் உள்ளதை அப்துல் கபூர் காக்காவிடம் ஒரு சொல்லும் குறையாமல் சொல்லுங்கோ. அந்த வங்கியில் இருந்து தலை வெட்டுப்படாது. அந்தப் பொன்னில் ஒரு குண்டுமணியும் எங்கள் வாசல் தாண்டாது. எடை பார்க்க வந்தவர்கள் பெண் பார்க்க வந்ததாகச் சொல்லக்கூடாது. மார்க்கம் சொல்லித் தருகிற பெரிய மனுசர் என்றால் பாயில் இருத்தி, சோறு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்போம். அதைச் சொல்லிப் பொன் உருக்குகிறவருக்கு எங்கள் வீட்டில் பாய் இல்லை. மருமகன் வாத்தியாருக்கு ஸலாம் சொல்லுங்கோ. மாமாவின் குடையை இறக்கி வைத்துவிட்டுத் தனியே வந்து பேசுகிற நாள் வந்தால், அப்போது பார்ப்போம். வராவிட்டால் அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். சொல்லட்டும். எனக்கு அந்தப் பயம் கிடையாது.

இதற்கு மேல் வங்கியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். அது என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. வங்கிக்காரி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளைக் கேளுங்கோ.

ஆதம்பாவா